லிட்டருக்கு எத்தனை பைசா? முலுண்டின் குடிநீர்க் கணக்கு

மும்பையின் புறநகரான முலுண்டில் குழாயில் வரும் தண்ணீர் லிட்டருக்கு ஒரு பைசா. அதைக் குடிக்கத் தோதாக்க வீட்டில் ஆகும் செலவு, வழியைப் பொறுத்து, ஐந்து பைசாவிலிருந்து ஒரு ரூபாய் அறுபது பைசா வரை. கேன் போட்டால் நான்கு ரூபாய். ரயில் நிலையத்தில் பாட்டில் வாங்கினால் பதினான்கு, வெளியே கடையில் வாங்கினால் இருபது.

ஒரு பைசாவுக்கும் இருபது ரூபாய்க்கும் நடுவே இரண்டாயிரம் மடங்கு இடைவெளி. இதில் எந்தப் படியில் நிற்பது என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் முடிவு செய்வது விளம்பரத்தைப் பார்த்துத்தான். இல்லாவிட்டால் எதிர்வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்து. காகிதத்தில் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. ஃபில்டர் அவசியம். விலை கூடிய ஃபில்டர் முலுண்டுக்கு அவசியமில்லை. இரண்டுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது கட்டடத்தின் தொட்டி.

கணக்கின் அலகு

குடும்பம்: 4 பேர்.
குடிக்க: தலைக்கு நாளுக்கு 3 லிட்டர். மோரில் கலப்பதும் சட்னிக்கு ஊற்றுவதும் இதற்குள் அடக்கம்.
நாளுக்கு: 12 லிட்டர்.
மாதத்துக்கு: 360 லிட்டர்.
வருஷத்துக்கு: 4,380 லிட்டர்.

சோறு, குழம்பு, காப்பிக்கான தண்ணீரைச் சேர்க்கவில்லை. அது அடுப்பிலேயே கொதித்துவிடுகிறது. கிருமிக்காக அதைத் தனியாக வடிகட்டுவது இரட்டைச் செலவு.

நகரத்தில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் திட்ட அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். அதில் 12 லிட்டர் என்பது 2.2 சதவீதம். மீதி 97.8 சதவீதம் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு. ஆக ஃபில்டர் தொட வேண்டியது நூற்றுக்கு இரண்டு லிட்டரைத்தான்.

விலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சிக் கட்டணமும், ரயில் நிலையத்தில் விற்கும் ‘ரயில் நீர்’ பாட்டிலின் விலையும் அரசு அறிவித்தவை. இயந்திரம், கார்ட்ரிட்ஜ், சர்வீஸ், கேன், கடைப் பாட்டில், சிலிண்டர் போன்றவற்றுக்குப் போட்டிருப்பவை உத்தேச விலைகள். உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். படிகளின் வரிசை பெரிதாக மாறாது.

வரவு: ஏழு ஏரிகள்

மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் கொள்ளளவு, மில்லியன் லிட்டரில் (ஒரு மில்லியன் லிட்டர் என்பது பத்து லட்சம் லிட்டர்):

பாத்ஸா: 7,17,037
மேல் வைதர்ணா: 2,27,047
நடு வைதர்ணா: 1,93,530
தான்ஸா: 1,45,080
மோடக் சாகர்: 1,28,925
விஹார்: 27,698
துளசி: 8,046
மொத்தம்: 14,47,363

விஹார் 1860-இல் வந்தது, நடு வைதர்ணா 2014-இல். இடையில் ஒன்றரை நூற்றாண்டு. நகரம் வளர வளர ஏரிகள் தள்ளித் தள்ளிப் போயின. நாசிக் மாவட்டம் வரை போயாகிவிட்டது. நாளொன்றுக்கு நகரத்துக்கு விடுவது சுமார் 3,850 மில்லியன் லிட்டர். ஆவியாவதை ஒதுக்கிவிட்டால் ஏழும் நிரம்பிய நாளிலிருந்து 376 நாள் தாங்கும். அதாவது ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை, கையிருப்பு பத்துப் பதினோரு நாள். ஜூலையில் மும்பைப் பத்திரிகைகள் ஏரி மட்டத்தைத் தினமும் அச்சிடுவது சும்மா இல்லை.

இந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இரண்டு பெரிய நிலையங்களில் ஒன்று முலுண்டுக்குப் பக்கத்து வார்டிலேயே இருக்கிறது. பாண்டுப் வளாகத்தின் திறன் நாளுக்கு 2,810 மில்லியன் லிட்டர்: பழைய நிலையம் 1,910, புதியது 900. இன்னொன்று பாஞ்சராப்பூரில், 1,365. இரண்டிலும் நடக்கிற வேலை ஒன்றுதான். படிகாரம் போன்ற ஒரு உப்பைக் கலந்து கலங்கலைத் திரட்டுவது, படிய விடுவது, மணல் படுகையில் வடிப்பது, கடைசியில் குளோரின்.

மணலில் வடிப்பது என்ன சாதிக்கும் என்பதற்கு 1892-ஆம் வருஷத்து ஜெர்மனி சாட்சி. எல்பே ஆற்றங்கரையில் ஒட்டி ஒட்டி இரண்டு ஊர்கள். ஹாம்பர்க் ஆற்றுத் தண்ணீரை வடிக்காமல் குழாயில் விட்டது. அல்டோனா எடுத்ததோ ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனால் மணலில் வடித்து விட்டது. அந்த வருஷக் காலராவில் ஹாம்பர்க்கில் இறந்தவர்கள் 8,600-க்கும் மேல். அல்டோனா ஏறக்குறையத் தப்பித்தது. ஊர் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் இல்லை. ஜெர்மன் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோஹ் இதை எடுத்துக்காட்டிய பிறகு, குடிநீரை வடிக்க வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மும்பையின் பெரிய ஃபில்டர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம், இந்தியத் தர நிர்ணய அமைவனம் செய்த குழாய்நீர்ச் சோதனையின் முடிவை வெளியிட்டது. மும்பையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறின. சென்னையில் எடுத்த 10-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்பது அளவுகோல்களில் தவறின. டில்லியின் 11 மாதிரிகள் 19 அளவுகோல்களில் தவறின.

அப்படியானால் முலுண்டில் ஃபில்டர் எதற்கு?

கசிவு: குழாய்க்கும் குடத்துக்கும் நடுவே

நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீரும் உங்கள் சமையலறைக்கு வந்து சேரும் தண்ணீரும் ஒன்றல்ல. காரணம், முலுண்டில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. குறிப்பிட்ட சில மணி நேரம் வந்து நின்றுவிடும். வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நின்ற பிறகு அழுத்தம் போய்விடுகிறது. அதே விரிசல் வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால், உள்ளே வருவது சாக்கடை. அடுத்த நாள் திறந்ததும் முதல் சில நிமிஷம் கலங்கலாக வருவதும் நாற்றம் அடிப்பதும் இதனால்தான். சில கட்டடங்கள் பிரதான குழாயிலிருந்து நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும்போது இது இன்னும் மோசமாகிறது.

இந்த விளைவை அளந்த ஆய்வு ஒன்று கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாடில் நடந்தது, 2013-இல் வெளியானது. அந்த ஊரில் சில பகுதிக்கு 24 மணி நேரமும் தண்ணீர், மற்றப் பகுதிக்கு விட்டுவிட்டு. இரண்டுக்கும் நிலையத்தில் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகவே இருந்தது. வீட்டுக் குழாயில் எடுத்த மாதிரிகளில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இருந்தவை:

24 மணி நேர வழங்கல்: 0.7 சதவீதம்
விட்டுவிட்டு வழங்கல்: 31.7 சதவீதம்

நாற்பத்தைந்து மடங்கு. வீட்டு ஃபில்டர் முலுண்டில் எதற்கு என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களே பதில். ஏரி நல்லது, நிலையம் நல்லது, நடுவே உள்ள குழாய்க்கு உத்தரவாதம் இல்லை.

மாநகராட்சிக்கும் இது தெரியும். 24 மணி நேரமும் தண்ணீர் தரும் சோதனைத் திட்டத்துக்கு 2014-இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை அமர்த்தியபோது, மும்பை முழுவதிலும் தேர்ந்தெடுத்த வார்டுகள் இரண்டே: பாந்திரா, கார் பகுதியின் மேற்கு எச் வார்டும், முலுண்டின் டி வார்டும். முலுண்ட் முழுவதும் அப்படிக் கிடைக்கும் நாள் இன்னும் வரவில்லை.

நிலையமே தவறும் நாளும் உண்டு. 2021 ஜூலை 17 இரவு கொட்டிய மழையில் செம்பூர் பாரத் நகரிலும் விக்ரோலியிலும் வீடுகள் சரிந்து உயிர்கள் போயின. அதே இரவில் பாண்டுப் வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்து மின் கருவிகள் நின்றன. 18-ஆம் தேதி ஞாயிறு, நகரத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் இல்லை. வந்த பிறகும் காய்ச்சிக் குடியுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொண்டது.

பிறகு கட்டடம். மாநகராட்சியின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்கப்பால் தரைக்கடித் தொட்டி, மோட்டார், மொட்டைமாடித் தொட்டி, முப்பது நாற்பது வருஷத்துப் பழைய குழாய். உங்கள் கட்டடத்தின் தரைக்கடித் தொட்டி மூடியை ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்தில், தரைமட்டத்தோடு மட்டமாக இருக்கும். ஓரத்து சிமெண்ட் பெயர்ந்திருக்கும். மழைநீர் குளமாகத் தேங்கினால் போகிற வழி அந்த இடுக்குதான். மூடி தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், ரப்பர் விளிம்பு வேண்டும், பூட்டு வேண்டும். மொட்டைமாடியில் வழிந்தோடும் குழாயின் வாயில் வலை வேண்டும், இல்லாவிட்டால் புறா உள்ளே. இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு வீட்டு ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரத்தின் விலையைவிடக் குறைவு.

பற்று: எட்டு வரிகள்

எல்லாமே வருஷத்துக்கு 4,380 லிட்டர் கணக்கில்.

1. குழாய்த் தண்ணீர். 2022 ஜூனில் நிர்ணயித்த வீட்டுக் கட்டணம் ஆயிரம் லிட்டருக்கு 6 ரூபாய் 36 பைசா. கழிவுநீர்க் கட்டணம் அதில் 70 சதவீதம். இரண்டும் சேர்ந்து 10 ரூபாய் 81 பைசா. வருஷத்துக்கு 47 ரூபாய். லிட்டருக்கு 1.08 பைசா.

2. குளோரின் மாத்திரை. நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கிய அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு. 219 மாத்திரை. ஒன்று ஒரு ரூபாய் என்றால் 219 ரூபாய். லிட்டருக்கு 5 பைசா.

3. தொட்டி கழுவுதல். 40 வீட்டுக் கட்டடம், வருஷத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 6,000 ரூபாய். வீட்டுக்கு 300 ரூபாய். குடிக்கும் தண்ணீரின் தலையில் மட்டும் ஏற்றினால் லிட்டருக்கு 7 பைசா; குளிக்கும் தண்ணீரையும் சேர்த்தால் பைசாவில் ஏழில் ஒரு பங்கு.

4. மின்சாரமில்லாத, மேலே ஊற்றிக் கீழே பிடிக்கும் ஃபில்டர். இயந்திரம் 2,500 ரூபாய், ஐந்து வருஷம் உழைக்கும்: 500. 1,500 லிட்டருக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் 600 வீதம் மூன்று: 1,800. மொத்தம் 2,300. லிட்டருக்கு 53 பைசா.

5. காய்ச்சுதல். ஒரு லிட்டரை 27 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் பாத்திரமும் அடுப்பும் விழுங்கும் வெப்பத்தோடு சேர்த்து சுமார் 12 கிராம் எரிவாயு. வருஷத்துக்கு 52.6 கிலோ, 14.2 கிலோ சிலிண்டரில் 3.7. சிலிண்டர் 850 என்றால் 3,146 ரூபாய். லிட்டருக்கு 72 பைசா.

6. யூ.வி. (புற ஊதா ஒளி) இயந்திரம். 9,000 ரூபாய், ஏழு வருஷம்: 1,286. விளக்கு, முன்வடிகட்டி, சர்வீஸ்: 2,500. மின்சாரம் 3 யூனிட்: 23. மொத்தம் 3,809. லிட்டருக்கு 87 பைசா.

7. ஆர்.ஓ. இயந்திரம். 16,000 ரூபாய், ஏழு வருஷம்: 2,286. வருஷ சர்வீஸ் ஒப்பந்தம்: 4,500. மின்சாரம் 22 யூனிட்: 175. கொட்டும் தண்ணீர் 13,140 லிட்டர்: 142. மொத்தம் 7,103. லிட்டருக்கு 1 ரூபாய் 62 பைசா.

8. வாங்கும் தண்ணீர். 20 லிட்டர் கேன் 80 ரூபாய் வீதம் 219: 17,520 ரூபாய். ரயில் நீர் லிட்டர் பாட்டில், 2025 செப்டம்பரில் 15-லிருந்து 14-ஆகக் குறைந்த விலையில்: 61,320. கடைப் பாட்டில் 20 ரூபாயில்: 87,600.

வரிகளைப் படித்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, காசே செலவில்லை என்று நாம் நினைக்கும் காய்ச்சுதல், மின்சாரமில்லா ஃபில்டரைவிட வருஷத்துக்கு 846 ரூபாய் கூடுதல். ஆற வைக்கும் நேரமும் வெயில் காலத்தில் சமையலறைப் புழுக்கமும் தனி. அந்த 846 ரூபாயில் ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி மீதியும் வரும். இரண்டு, ஃபில்டரின் விலை என்பது இயந்திரத்தின் விலையல்ல. நான்காம் வரியில் ஐந்தில் நான்கு பங்கு கார்ட்ரிட்ஜ். ஏழாம் வரியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக சர்வீஸ். வாங்கும்போது கேட்க வேண்டியது ‘இது என்ன விலை’ என்பதல்ல; ‘கார்ட்ரிட்ஜ் எத்தனை லிட்டருக்கு, என்ன விலை’ என்பது.

இந்தக் கேள்வியைச் சந்தையில் பெரிதாக்கியவை இரண்டு பொருள்கள். இந்துஸ்தான் யூனிலீவர் 2004-இல் சென்னையில் அறிமுகம் செய்த ப்யூரிட் ஒன்று. டாடாவின் ஸ்வச் இன்னொன்று: 2009 டிசம்பரில் வந்தது, உமிச் சாம்பலும் வெள்ளி நுண்துகளும் வைத்து, 749 ரூபாயிலிருந்து. அதன் கார்ட்ரிட்ஜ் அன்று 299 ரூபாய், 3,000 லிட்டருக்கு. லிட்டருக்கு 10 பைசா. அதுவரை, கேண்டில் ஃபில்டரை விட்டால், வீட்டு ஃபில்டர் என்றால் குழாயும் மின்சாரமும் உள்ள வீட்டுக்கானது என்றிருந்தது.

எது எதைப் பிடிக்கும்

பழைய பருத்திப் புடவை. எட்டு மடிப்பாக்கினால் சுமார் 20 மைக்ரான் வரை நிறுத்தும். காலராக் கிருமி தனியாக மிதப்பதைவிட நுண்ணிய நீர்ப்பூச்சிகளில் ஒட்டி வாழ்வது அதிகம். பூச்சி துணியில் நின்றால் கிருமியும் நிற்கும். வங்கதேசத்தின் மத்லப் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு செய்த சோதனையில் காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003-இல் வெளியான முடிவு. செலவு சைபர். நம் பாட்டிமார் குடத்தின் வாயில் வேட்டித் துணி கட்டியதில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதிக்குத் துணி போதாது.

கேண்டில் ஃபில்டர். கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் பிடிக்கும். வைரஸ் நழுவிவிடும்: மஞ்சள்காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரான்தான். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். கீறல் விழுந்தால் தூக்கிப் போட வேண்டும்.

யூ.எஃப். (மீநுண் வடிகட்டல்) சவ்வு. துளை 0.01 மைக்ரான் அளவில். பாக்டீரியாவும் பெரும்பாலான வைரஸும் நிற்கும். மின்சாரம் வேண்டாம்.

யூ.வி. விளக்கு. எதையும் பிடிக்காது, கிருமியைச் செயலிழக்கச் செய்யும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும். மழைக்காலக் கலங்கலில் முன்வடிகட்டி அடைத்துக் கிடந்தால் விளக்கு எரிந்தும் பயனில்லை.

ஆர்.ஓ. சவ்வு. துளை 0.0001 மைக்ரான். கிருமியோடு கரைந்த உப்பையும் நிறுத்தும். உப்பு அதிகமில்லாத ஊரில் அந்தக் கடைசி வேலை வீண்.

எல்லாவற்றுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. கார்பன் அடுக்குள்ள ஃபில்டர் குளோரினை உறிஞ்சிவிடும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. அந்தக் காவல் ஃபில்டரைத் தாண்டியதும் இல்லை. வடித்த தண்ணீரை மூடி வைக்க வேண்டும், சொம்பை உள்ளே விட்டு மொள்ளாமல் குழாய் வழியே பிடிக்க வேண்டும், இரண்டு நாளைக்குமேல் வைக்கக் கூடாது. காலாவதியான கார்ட்ரிட்ஜ், கார்ட்ரிட்ஜே இல்லாததைவிட மோசம். கிருமி அதில்தான் குடியிருக்கும்.

பழுப்பு நிறமாகும் கிளாஸ்

ஆர்.ஓ. விற்க வருபவர் சொசைட்டி ஹாலில் செய்துகாட்டும் வித்தை ஒன்று உண்டு. மேஜையில் இரண்டு கிளாஸ்: ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் வைத்து பிளக்கைச் செருகுவார். ஒரு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் நுரைத்து, பச்சையாகி, பழுப்பாகி, அடியில் சேறு தட்டும். மற்றக் கிளாஸ் பளிங்கு. “இதையா ஆன்ட்டி குழந்தைக்குக் குடுக்கறீங்க?” என்பார். முன்வரிசை மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். அன்று மாலைக்குள் நாலு வீட்டில் முன்பணம்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகிறது. கரைந்த உப்பு கொஞ்சம் இருந்தால்தான் தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, சரியாகப் பாயவில்லை, துரு வரவில்லை. அந்தப் பளிங்குக் கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, ‘இப்போது திரும்பச் செய்யுங்கள்’ என்று சொன்னால் அதுவும் பழுப்பாகும்.

அடுத்து அவர் எடுப்பது டி.டி.எஸ். மீட்டர். கரைந்த திடப்பொருளின் அளவைச் சொல்லும் சின்னக் கருவி. மும்பை ஏரித் தண்ணீரில் அது காட்டுவது பெரும்பாலும் நூற்றைச் சுற்றி. இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 500. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. நூறு என்பது நல்ல மழைநீர் ஏரியின் எண். அந்த மீட்டர் கிருமியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. சாக்கடை சிறிது கலந்த தண்ணீரும் அதில் 110 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

கிருமியைப் பார்க்க வேறு சோதனை இருக்கிறது. குவாலியரின் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் மாஞ்சாவும் சகாக்களும் 1982-இல் வெளியிட்டது: மருந்து தோய்த்த காகிதம் உள்ள சின்னப் புட்டி. தண்ணீரை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுக்கும். மழைக்காலத்தில் குழாய் முனையில் ஒன்று, தரைக்கடித் தொட்டியில் ஒன்று, மொட்டைமாடித் தொட்டியில் ஒன்று என்று மூன்று புட்டி வைத்தால், குற்றவாளி மாநகராட்சியா கட்டடமா என்று தெரிந்துவிடும்.

நஷ்டம்: ஐந்து லட்சம் வீடும் ஒரு துளசி ஏரியும்

வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர மூன்று லிட்டர் வரை கொட்டும். 12 லிட்டருக்கு 36 லிட்டர் சாக்கடையில். இது குடும்பத்தின் 540 லிட்டரில் 6.7 சதவீதம்; காசாகப் பார்த்தால் வருஷத்துக்கு 142 ரூபாய்தான், யாருக்கும் உறைக்காது. கூட்டிப் பார்த்தால் உறைக்கும். மும்பையில் ஐந்து லட்சம் வீடுகளில் ஆர்.ஓ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 180 லட்சம் லிட்டர், அதாவது 18 மில்லியன் லிட்டர். துளசி ஏரி நகரத்துக்கு நாள்தோறும் தருவது அதே 18. ஒரு முழு ஏரியின் வழங்கல் கழுவுதொட்டிக் குழாய் வழியே போகிறது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே 20 அன்று சொன்னதும் இதுவே: டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது, அனுமதிக்கும் இடங்களில் குறைந்தது 60 சதவீதத் தண்ணீரையாவது மீட்க வேண்டும்.

ஆர்.ஓ.வுக்கு உரிய ஊர்கள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு; பல் கறையும் எலும்பு வளைவும் தலைமுறையாக. அதற்காகவே 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கியது. ராமநாதபுரத்தில் உப்பு. சென்னையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிய பகுதிகளில் கடினத்தன்மை. அங்கெல்லாம் காய்ச்சினாலும் யூ.வி. வைத்தாலும் உப்பும் ஃப்ளோரைடும் போகாது, ஆர்.ஓ.வுக்கு நியாயம் உண்டு. முலுண்டிலேயும் விதிவிலக்கு உண்டு. உப்பளங்களை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் கிணற்று நீரையோ டேங்கர் நீரையோ குடிநீர்த் தொட்டியில் கலக்கும் கட்டடமாக இருந்தால், மீட்டரை வைத்துப் பாருங்கள். 500-ஐத் தாண்டினால் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம். சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் ஆர்.ஓ. இயந்திரத்தையும் லாரியில் ஏற்றி வருவது புரிகிறது. வந்த ஊரின் தண்ணீர் வேறு.

மலையடிவாரத்துக் கணக்கு

முலுண்டை ஒட்டிய தேசியப் பூங்காவின் மலைச்சரிவில் ஏறி நிற்கும் குடிசைப் பகுதிகளில் இதே கணக்கு தலைகீழாகிறது. அங்கே மாநகராட்சிக் கட்டணம் குறைவு, ஆயிரம் லிட்டருக்கு 5 ரூபாய் 28 பைசா. அளவும் குறைவு: தலைக்கு 45 லிட்டர் என்பதே நீண்டகாலமாக இருந்த கணக்கு. இணைப்பு இல்லாதவர் 20 லிட்டர் கேனைப் பத்து ரூபாய்க்கு நிரப்பி வாங்கினால் ஆயிரம் லிட்டர் 500 ரூபாய், 95 மடங்கு. குடியிருப்பு சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்பதை வைத்துத் தண்ணீரை மறுக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது. ‘எல்லோருக்கும் தண்ணீர்’ என்ற மாநகராட்சிக் கொள்கை 2022 மே மாதம் வந்தது.

இங்கே யூ.வி.யும் ஆர்.ஓ.வும் வேலைக்கு ஆகாது. இரண்டுக்கும் வீட்டுக்குள் ஓடும் குழாயும் அழுத்தமும் வேண்டும். நீலப் பீப்பாயில் பிடித்து வைக்கும் வீட்டுக்கு இரண்டாம் வரியும் நான்காம் வரியும்தான் வழி. மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடித்துவிட வேண்டும். வருஷத்துக்கு 219 ரூபாய். நாளுக்கு 800 ரூபாய் கூலி வாங்குபவர் வயிற்றுப்போக்கில் மூன்று நாள் படுத்தால் 2,400 போச்சு. நான்காம் வரியின் ஒரு வருஷச் செலவே 2,300. டைபாய்டும் மஞ்சள்காமாலையும் மூன்று நாளில் விடுவதில்லை.

முலுண்டின் ஐந்தொகை

2011 மக்கள்தொகைக் கணக்கில் டி வார்டில் 3.41 லட்சம் பேர். தலைக்கு மூன்று லிட்டர் என்றால் முலுண்ட் முழுக்கக் குடிப்பது நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்குச் சற்று மேல்.

குழாயில்: சுமார் 11,000 ரூபாய்.
மின்சாரமில்லா ஃபில்டரில்: சுமார் 5.4 லட்சம்.
ஆர்.ஓ.வில்: சுமார் 16.6 லட்சம்.
ரயில் நீர்ப் பாட்டிலில்: சுமார் 1.43 கோடி.

இதையே ஒரு 40 வீட்டுக் கட்டடத்துக்குச் சுருக்கலாம். நாற்பது வீட்டிலும் ஆர்.ஓ. என்றால் வருஷத்துக்கு 2,84,120 ரூபாய். கொட்டிய தண்ணீர் 5,25,600 லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் ஐம்பத்திரண்டரை வண்டி. இரண்டு முறை தொட்டி கழுவி நாற்பது வீட்டிலும் மின்சாரமில்லா ஃபில்டர் என்றால் 1,04,000. மிச்சம் 1,80,120 ரூபாய். யூ.வி.தான் வேண்டும் என்பவர்கள் எல்லோருமாக அதற்குப் போனாலும் தொட்டி கழுவும் செலவோடு 1,64,360. அப்போதும் ஒரு லட்சத்து இருபதாயிரம் மிச்சம்.

சொசைட்டியின் அடுத்த பொதுக்குழுவுக்குத் தீர்மானங்கள் இப்படி எழுதலாம்: மழைக்கு முன் மே மாதத்திலும் மழை முடிந்து அக்டோபரிலும் தொட்டி கழுவுவது, தரைக்கடி மூடியை உயர்த்திக் கட்டுவது, ஜூலையில் மூன்று சோதனைப் புட்டி வைப்பது, குடிதண்ணீர்த் தொட்டியில் கிணற்று நீரைக் கலப்பதில்லை, கார்ட்ரிட்ஜை நாற்பது வீட்டுக்கும் மொத்தமாக வாங்கிச் சில்லறை விலையைக் குறைப்பது. மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு, தரைக்கடித் தொட்டியிலிருந்து மேலே ஏறும் அந்தப் பழைய இரும்புக் குழாயை மாற்றுவது.